துளை விழ வேண்டிய இடம்

பிப்ரவரி 9

படம் எடுக்கிறவளுக்கு,

நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய். காகிதத்தில் உன் வாய் நுழையாது, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் எலும்பையே படம் பிடித்துப் படிக்கிறவள் நீ, இதைப் படிக்க மாட்டாயா.

சாரத்தடியில் என் ஆட்கள் எல்லாரும் பிரஷ் கழுவிக்கொண்டு நின்றபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, போதும். இனிமே நீ மேல ஏறக் கூடாது. துணிமணிய எடுத்துக்கிட்டு என்னோட வா." இதைச் சொல்ல உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டான். முந்தாநாள் வரை "அக்கா, எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று என்னைக் கேட்டவன், இன்று காலையில் என் கையில் சின்ன பிரஷைக் கொடுத்து ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறான். முப்பது வருஷமாக அந்தரத்தில் தொங்கிச் சுவர் அடித்தவளுக்கு ஜன்னல் கம்பி.

முட்டி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தொங்கு பலகையிலிருந்து இறங்கும்போது பாதம் தரையில் ஊன்றிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். இங்கே இருக்கிற பெரிய டாக்டர் தொடையிலிருந்து நார் எடுத்துப் புது ஜவ்வாக வைத்துத் தைத்தார். அவர் சொன்ன பயிற்சியெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். நேராக நடந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. சட்டென்று திரும்பினால் முட்டி என்னைக் கேட்காமல் தனியாக ஒரு பக்கம் போகிறது. நான் ஒரு வீட்டில், அது ஒரு வீட்டில் என்று தனிக்குடித்தனம் நடத்துகிறது.

நீ ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஜவ்வு அப்படியேதான் இருக்கும்மா, உன் வயசுக்கு இது போதும்" என்கிறாய். எதற்குப் போதும்? கடைக்குப் போய்க் காய் வாங்கிவரப் போதும். எனக்கு அது போதாது. மறுபடி ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன், மறுபடி மேலே ஏறப் போகிறேன். நீ துணைக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

பேத்தி வாலுக்கு என் முத்தம். அவள் அம்மாவுக்கு இப்போதைக்கு இல்லை.

அம்மா


பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

கடிதத்தை வேண்டுமென்றே ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாய். உறை மேல் "படம் எடுக்கிறவளுக்கு" என்று எழுதியிருந்ததை எக்ஸ்ரே அறையில் ஒருவர் பாக்கியில்லாமல் படித்துவிட்டார்கள். உன் ஆட்கள் முன்னால் நான் பேசியதற்குப் பதிலடி இது. சரி, கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் நான் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். அன்றைக்கு நீ சாரத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். கடைசிப் படிக்கு வந்ததும் ஒரு கை சுவரைத் தேடியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வானம் இருட்டினால் எனக்குப் பாடம் மண்டையில் ஏறாது. கயிறு நனைந்திருக்குமே, பலகை வழுக்குமே என்றுதான் ஓடும். அந்தப் பயத்தோடு வளர்ந்தவளுக்கு உன் கை சுவரைத் தேடுவது தெரியாமல் போகுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. பெரிய டாக்டர் போன மாதம் உன் காலை இழுத்துப் பார்த்துவிட்டு 'மூட்டு உறுதியாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. படத்தில் புது ஜவ்வு அறுபடாமல் இருக்கிறது, நானே பார்த்தேன். இரண்டு சாட்சி ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கம். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட எத்தனையோ பேருக்குக் கால் சரியான பிறகும் மனசு சரியாவதில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்கிற பயத்தில் முட்டி வழுக்குவதாகவே தோன்றும். உனக்கும் அப்படி இருக்கலாம். பயப்படுவது ஒன்றும் கேவலம் இல்லை.

இங்கே வா. பால்கனியில் வெயில் வருகிற அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்


பிப்ரவரி 21

மகளுக்கு,

பயமா? யாரைப் பார்த்து என்ன வார்த்தை கேட்டாய். அந்த இடத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு ஜன்னல் கம்பி முழுக்க அடித்து முடித்தேன். அப்புறமும் ஆறவில்லை.

பெரிய டாக்டர் இழுத்துப் பார்த்தாரே, அந்தக் கதையைச் சொல்கிறேன் கேள். யாருக்குப் பயம் என்று அப்போது தெரியும். என்னைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் விட்டுக் கொடுப்பேனா? தொடையைப் பின்பக்கம் இறுக்கிப் பிடித்தேன். காற்றில் பலகை ஆடும்போது பிடிக்கிற பிடி அது, யாரும் அசைக்க முடியாது. மறுபடி இழுத்தார். நான் இன்னும் இறுக்கினேன். அவருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. "என்னம்மா இது, இரும்புத் தூண் மாதிரி இருக்கு" என்றார். "பின்ன எப்படி இருக்கும்னு நெனச்சீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு ஒரு மெஷினில் காலை வைத்துக் கட்டையால் அழுத்திக்கொண்டே எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கும் நான் மசியவில்லை. ஐம்பத்தாறு வயசு. இந்த ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தொடை இருக்கும், சொல்.

ஆகவே பயம் என்கிற பேச்சை விடு. வெளியே இவ்வளவு பலம் இருந்தும் திரும்பும்போது மட்டும் முட்டி ஏன் போகிறது? அதற்குப் பதில் சொல்.

உன் பால்கனியைப் பற்றியும் நேராகவே பேசிவிடுகிறேன். நீ வேலைக்குப் போகும்போது வாலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் அதை வாய்விட்டுக் கேள். என் பேத்தி, எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன். உன் தேவைக்கு என் முட்டியைச் சாக்காக வைக்காதே.

அம்மா


பிப்ரவரி 26

அம்மா,

மூன்று தடவை படித்தேன். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் எலும்பு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் தெரியுமா? அது பலப்பரீட்சை இல்லை அம்மா. காலைத் துணி மாதிரித் தொங்க விட வேண்டும். அப்போது இழுத்தால்தான் உள்ளே ஜவ்வு பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும். நீ தொடையால் பிடித்துக்கொண்டாய். பெரிய டாக்டர் இழுத்தது உன் தொடையை, ஜவ்வை இல்லை. அந்த எக்ஸ்ரேயும் உன் பிடிவாதத்தைத்தான் படம் எடுத்திருக்கிறது. என் இரண்டு சாட்சியில் ஒரு சாட்சி உன்னாலேயே பல்டி அடித்துவிட்டது.

இன்னொரு சாட்சி என் ஸ்கேன். அதையும் இன்று மறுபடி திறந்து பார்த்தேன். ஜவ்வு இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் அன்று தேடினேன். இருக்கிறது என்றதும் மூடிவிட்டேன். அது எலும்பில் எந்த இடத்தில் போய் நுழைகிறது என்று தேடவில்லை. தட்டையான படத்தில் அது சரியாகத் தெரியவும் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் எலும்பை மட்டும் முழு உருவமாக நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதற்காக வா. ஒரே நாள்தான். டாக்டரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் அவருக்குப் பட்டப்பெயர் சுத்தியல். அவர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லிவிடாதே.

வாலு பகலெல்லாம் குழந்தைகள் காப்பகத்தில்தான் இருக்கிறாள், அங்கிருந்து வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். ஆயா வேலைக்கு உன்னைக் கூப்பிடவில்லை. கண்ணெதிரே நீ தரையில் நடந்துகொண்டிருந்தால் எனக்கு நிம்மதி. அவ்வளவுதான்.

உன் மகள்


மார்ச் 14

மகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் காலை நீட்ட இடம் கிடைத்தது.

உன் சுத்தியல் ஒரு ஏமாற்றுக்காரி. வாசலிலேயே "நீங்கதான் சுத்தியலா" என்று நான் கேட்டதற்கு உனக்கு முகம் சிவந்ததே தவிர, அந்த அம்மாள் கோபப்படவில்லை. "ஆமா, நீங்கதான் இரும்புத் தூணா" என்றாள். நல்லவள் என்று நம்பினேன். நீ வெளியே போனதும் என்னைப் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, வெளிச்சுவத்துக்கு எந்தக் கலர் சீக்கிரம் வெளுக்கும்?" எந்தக் கலரா? சிவப்புதான் முதலில் ஓடும். மேற்குப் பார்த்த சுவரில் சிவப்பு அடிக்காதே என்று நான் எத்தனை வீட்டுக்காரர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் சண்டை போட்ட ஒரு வீட்டுக்காரரின் கதைக்கு வந்தபோது டக்கென்று இழுத்தாள் பார். மேசை இழுப்பறை திறந்த மாதிரி முட்டி முன்னால் வந்தது. நானே என் கண்ணால் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

"இப்ப விடுங்க, கதைய முடிங்க" என்றாள். எனக்குக் கதை மறந்துவிட்டது.

எனக்கு வருத்தமா சந்தோஷமா என்று தெரியவில்லை. முட்டி போயிருக்கிறது, அது வருத்தம். நான் சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது, அது பெரிய சந்தோஷம். பயம் என்றாயே, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு வரி எழுது. அழகான எழுத்தில் எழுது.

குகை மாதிரி மெஷினுக்குள் என்னைத் தள்ளிப் படம் எடுத்தாயே, அதில் என்ன தெரிந்தது? எனக்குப் புரிகிற மாதிரிச் சொல். புரியவில்லை என்றால் குறை என் மேல் இல்லை.

அம்மா


மார்ச் 20

அம்மாவுக்கு,

உனக்குப் பயம் இல்லை. பயம் என்று நான் சொன்னது தப்பு. உனக்கு இருந்தது பிடிவாதம்.

இப்போது படம். உன் பாஷையிலேயே சொல்கிறேன். தொங்கு பலகைக்குக் கயிற்றை நேர் உச்சியில் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? பலகை கீழே விழாது. ஆனால் காற்று அடித்தால் தட்டாமாலை சுற்றும். சுற்றாமல் இருக்கப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு இழுப்பு வேண்டும் என்று சின்ன வயதில் நீயே சொல்லியிருக்கிறாய். முட்டிக்குள்ளும் அதே கதைதான். தொடை எலும்பின் அடியில் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. புது ஜவ்வின் மேல்நுனி அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவரில் கீழே தள்ளிப் புதைய வேண்டும். உனக்கு அதன் கூரையில், நேர் உச்சியில் துளை போட்டிருக்கிறது. அதனால்தான் நேராக நடந்தால் தாங்குகிறது, திரும்பினால் விட்டுவிடுகிறது. ஜவ்வு பிழைத்திருக்கிறது, இடம்தான் பிழை.

பெரிய டாக்டரைத் திட்டாதே. கீழ் எலும்பில் போட்ட துளை வழியாகவே மேல் எலும்புக்கும் துரப்பணத்தை விட்டால் அது உச்சிக்குத்தான் போகும். அவர் படித்த காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்களாம். இதில் உனக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பழைய துளை ரொம்பத் தள்ளி இருப்பதால், புதுத் துளை அதற்குள் போய் விழாது. ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம்.

இந்த முறை கண்ணை மட்டும் நம்பப் போவதில்லை. சி.டி. படத்தில் இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே சி-ஆர்ம் என்று ஒரு எக்ஸ்ரே மெஷின், பாதி வளையம் மாதிரி, உன் முட்டியைச் சுற்றி நிற்கும். துளை போடுவதற்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பியைக் குத்தி வைத்துப் படம் எடுப்பார்கள். திரையில் அந்தப் படத்தின் மேல் கட்டம் போட்டு, கம்பி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் துளை.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு நான் சம்மதிப்பது நீ தரையில் விழாமல் நடக்க. மேலே ஏற இல்லை.

உன் மகள்


மார்ச் 25

மகளுக்கு,

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பலகைக் கயிறு பற்றி நீ சொன்னதில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு வருகிறேன். அந்த அரை வளைய மெஷினை நீதான் பிடிக்க வேண்டும். சொந்தக்காரர்களைத் தியேட்டரில் விட மாட்டார்கள் என்று சொல்வாய். தெரியும். நான் தொங்கும்போது மேலே கயிற்றைக் கட்டுகிற வேலையை முன்பின் தெரியாதவர் கையில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. இப்போதும் கொடுக்க மாட்டேன். இதைச் சுத்தியலிடம் அப்படியே போய்ச் சொல். உன் கை நடுங்கும் என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தால், என் வயிற்றில் பிறந்தவள் என்றும் சொல்.

அப்புறம் நீ எதற்குச் சம்மதிக்கிறாய், எதற்கு இல்லை என்பதெல்லாம் உன் பாடு. சரியான இடத்தில் துளை போட்டுக் கொடுங்கள். அந்தக் காலை வைத்து நான் எங்கே போவேன் என்பது என் பாடு.

அம்மா


மே 2

மகளுக்கு,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். இரு. நானும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கையைப் பிடித்து நடக்க வைத்தாய். பயிற்சி சொல்லித் தருகிறவளை வீட்டுக்கே வரவழைத்தாய். வாலு என் ஊன்றுகோலை எடுத்துக் குதிரை ஓட்டினாள். ஆனால் உன் பக்கத்து வீட்டம்மா வந்து, "இனிமே இங்கயே இருந்துடப் போறீங்களாமே, பொண்ணு சொன்னா. கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். யாரைக் கேட்டுச் சொன்னாய்? பால்கனியில் நாற்காலி போட்டு, அதன் மேல் தலையணையும் போட்டிருந்தாய். தலையணையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்தது. இதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். அதனால் நீ வேலைக்குப் போன நேரத்தில் வாடகைக் காரைப் பிடித்தேன். சுத்தியலிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன், பயப்படாதே. பயிற்சியை இங்கேயும் ஒருத்தி சொல்லித் தருகிறாள். உன் ஆளைவிடக் கண்டிப்பானவள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. என் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், காதுக்குப் போடவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் உனக்கும் சுத்தியலுக்கும் ஏதோ பேச்சு நடந்தது. "என்ன அங்க தகராறு" என்று நான் சத்தம் போட்டதும் இரண்டு பேரும் கப்சிப் ஆனீர்கள். அப்புறம் எத்தனை தடவை கேட்டும் "ஒண்ணுமில்லம்மா" என்று மழுப்பினாய். என் முட்டிக்குள் நடந்த பேச்சு எனக்குத் தெரிய வேண்டாமா?

அம்மா


மே 10

அம்மாவுக்கு,

பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது நான்தான். கேட்டால் மாட்டேன் என்பாய், ஊருக்கே தெரிந்துவிட்டால் ஒத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உன்னைத் தெரிந்தவள் செய்கிற வேலையா அது.

தியேட்டரில் நடந்தது இதுதான். நான் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு மெஷினோடு நின்றேன். டாக்டர் முட்டிக்குள் கேமராவை விட்டுப் பார்த்து, கம்பியைக் குத்தினார். "படம்" என்றார். எடுத்தேன். திரையில் கட்டம் விழுந்தது. கம்பி சரியான கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது. "நல்லா இருக்கு, துளை போடலாம்" என்றார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. தொடை எலும்பின் அடியில் இரண்டு உருண்டைகள் உண்டு. முழுப் பக்கவாட்டுப் படம் என்றால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே உருண்டையாகத் தெரிய வேண்டும். அந்தப் படத்தில் ஒரு மயிரிழை விலகி இருந்தன. உன் கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. கால் திரும்பினால் கம்பி நிற்கிற கட்டமும் மாறித் தெரியும்.

"டாக்டர், இன்னொரு படம் எடுக்கணும். ரெண்டு உருண்டையும் சேரல."

"இந்த அளவு விலகல் பரவாயில்ல. நேரம் ஆகுது."

"வேற யாருக்குன்னாலும் எடுக்கச் சொல்வேன், டாக்டர்."

"வேற யாருக்குமா, உங்க அம்மாவுக்கு மட்டுமா?"

நான் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போதுதான் நீ சத்தம் போட்டாய். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, காலை நீங்க சொல்ற மாதிரி வைக்கிறேன்" என்று அவரே உன் பாதத்தைத் திருப்பிப் பிடித்தார். உருண்டை ஒன்றானதும் எடுத்தேன். கம்பி முன்னால் தள்ளி நின்றது, ஒரு கட்டம் தப்பி. அவர் கம்பியை உருவி, பின்னால் குத்தினார். இன்னொரு படம். பொருந்தியது. பிறகுதான் துளை போட்டார்.

வெளியே வந்து கை கழுவும்போது, "அடுத்த ஆபரேஷனுக்கும் நீங்கதான் வரணும், யாரோட அம்மாவா இருந்தாலும்" என்றார். நான் உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் வேறு. அந்தக் கம்பி தப்பான இடத்திலேயே இருந்திருந்தால் நீ மறுபடி மேலே ஏற மாட்டாய் என்று ஒரு கணம் எனக்குள் ஓடியது. ஓடியதோடு சரி. கை மெஷினை விடவில்லை. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

உன் மகள்


நவம்பர் 18

மகளுக்கு,

உன் மே மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். உன் மனசில் ஓடியதற்கெல்லாம் நான் கோபப்பட மாட்டேன். என் மனசில் ஓடியதை எழுதினால் நீ போலீஸைக் கூப்பிடுவாய்.

இங்கே ஒரு சண்டை. எனக்கு இப்போது ஒற்றைக் காலில் நிற்க வருகிறது, குந்தி எழ வருகிறது. மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். "டாக்டர் சொன்ன காலம் முடிஞ்சதும் வரேன், மேல என் இடத்த வச்சிரு" என்றேன். அவன் நெளிந்தான். "அக்கா, நீங்க கீழ நின்னு கலர் கலக்கறதப் பாத்துக்குங்க. மேல ஆள் போட்டாச்சு. உங்க பொண்ணும் அன்னைக்குச் சொன்னாங்கல்ல."

"என் பொண்ணு உனக்கு மேஸ்திரியா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்க்கா. இந்த வயசுல எதுக்கு வீண் பேச்சுக்கு இடம் கொடுக்கணும்?"

"உனக்குப் பிரஷ் பிடிக்கக் கத்துக் கொடுத்தப்பவும் எனக்கு வயசு இருந்துச்சுடா. அப்ப வீண் பேச்சு இல்லையா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது தனியாக ஒரு ஆறு மாடிக் கட்டட வேலை பிடித்திருக்கிறேன். என்னோடு இரண்டு பெண்கள். ஒருத்தி ஏற்கெனவே சாரம் ஏறியவள், இன்னொருத்திக்குத் தைரியம் இருக்கிறது, பழக்கம் இல்லை. கீழ்ச் சுவர்களை இப்போது முடித்துக்கொண்டிருக்கிறோம். மேலே உள்ளதை நான் வரும்வரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சுத்தியல் சரி என்று சொல்கிற வரை ஒரு படிகூட ஏற மாட்டேன். நீ அவ்வளவு பாடுபட்டு வைத்த துளையை நான் அவசரப்பட்டுக் கெடுப்பேனா. ஆனால் அவள் சரி என்றதும் ஒரு நாள்கூடத் தாமதிக்கவும் மாட்டேன்.

அம்மா


ஜனவரி 22

அம்மாவுக்கு,

நீ வந்து போனபின் டாக்டர் எல்லாப் படத்தையும் மேசை மேல் பரப்பி என்னைக் கூப்பிட்டார். துளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஜவ்வு எலும்போடு ஒட்டி நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒற்றைக் காலில் தாவுகிற சோதனையில் ஆபரேஷன் ஆகாத காலுக்குச் சமமாகத் தாவியிருக்கிறாய். காலையும் இந்த முறை ஒழுங்காகத் தொங்கவிட்டாயாம். "ஏறலாம்னு எழுதப்போறேன். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார். நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் நான் எடுத்தவை, ஒன்றில்கூட எனக்குச் சாதகமாக எதுவும் இல்லை.

ஆட்சேபணை இல்லை என்றேன். அவர் எழுதினார். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆனால் முட்டி சரியாக இருந்தால் மழையும் காற்றும் சரியாக இருக்கும் என்று ஒரு மெஷினும் படம் எடுத்துத் தராது. அதனால் ஒரே ஒரு வாக்குக் கொடு. மூன்றாவது மாடிக்கு மேல் மற்ற பெண்களை ஏற்று. நீ அதற்குக் கீழே நில். இவ்வளவு தூரம் நான் இறங்கி வந்தேன், நீயும் கொஞ்சம் இறங்கி வா.

உன் மகள்


பிப்ரவரி 3

மகளுக்கு,

காகிதம் வந்தது. சட்டம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்துவிட்டு மீறலாம், உனக்குத் தெரியவும் தெரியாது. அப்படி உன்னை ஏமாற்ற எனக்கு இஷ்டம் இல்லை. பழக்கமில்லாத பெண்ணை ஆறாவது மாடிக்கு ஏற்றிவிட்டு நான் மூன்றாவதில் நின்றால், அவளைப் பெற்றவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உன் பயத்தை எடுத்து இன்னொருத்தி தலையில் வைக்கச் சொல்கிறாய். நீ அப்படிப்பட்டவள் இல்லை, பயத்தில் எழுதிவிட்டாய். மழை இருட்டினால் இறங்கிவிடுவேன். கயிற்றை நானே பார்த்துக் கட்டுவேன். இடுப்புப் பட்டையைப் போடாமல் ஒரு அடி நகர மாட்டேன். இதெல்லாம் உனக்காக இல்லை, எப்போதும் செய்ததுதான்.

நேற்று முதல் தடவையாக மேலே போனேன். பலகையில் நின்று இடது பக்கம் திரும்பினேன், வலது பக்கம் திரும்பினேன். அந்தப் பெண்கள் நான் கூத்தாடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முட்டி என்னோடேயே வந்தது.

லீவு கிடைத்தால் வாலைக் கூட்டிக்கொண்டு வா. என்னைக் கையோடு அழைத்துப் போக வருவதாக இருந்தால் பஸ் ஏறாதே. பார்க்க வருவதாக இருந்தால் வா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிற ஆறு மாடிக் கட்டடம், தெற்குச் சுவர். மஞ்சள் அடித்துக்கொண்டிருப்பேன். கீழே நிற்கிறவர்களிடம் எங்கே என்று விசாரிக்காதே. நிமிர்ந்து பார்.

அம்மா